சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

எட்டு மணி பத்து நிமிடத்திலிருந்து பத்து மணி பத்து நிமிடம் வரை, சரியாக இரண்டு மணி நேரம், அந்த அம்மா எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் போட்டிருந்த ஆறு நாற்காலிகளில், ஜன்னலை ஒட்டிய கடைசி நாற்காலி.

சர்க்கரைப் பரிசோதனைக்கான இந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிடக் கூடாது. முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கை கழுவிய நேரத்தைத்தான் சொல்வார்கள். அவர் மட்டும் டப்பாவைத் திறப்பதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் வாயா, கடைசி வாயா?"

"முதல் வாய்," என்றேன்.

ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சீட்டில் 8.10 என்று எழுதினேன். 10 என்று எழுதியது 16 மாதிரி தெரிந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அதற்கு முன், ஏழே முக்காலுக்கு, வெறும் வயிற்றில் முதல் ரத்தம் எடுத்தபோதே எனக்குத் தடுமாற்றம் தொடங்கிவிட்டது. சீட்டில் பெயர் இருந்தாலும் ஊசி குத்துவதற்கு முன் ஆளையே பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். ரத்தம் மாறிப்போகாமலிருக்க எங்கள் கூடத்தில் வைத்திருக்கும் விதி. கேட்டேன். சொன்னார்.

அந்தப் பெயரை நான் பன்னிரண்டு வயதிலிருந்து உறைகளின் மேல் படித்திருக்கிறேன். இருபத்து மூன்று உறைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கையெழுத்து. ஒருவர் குரலில் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

ஒரே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாம்பல் மூடிக் குழாயை எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினேன். குழாய்க்குள் இருக்கும் மருந்தும் ரத்தமும் கலக்க அதுதான் எண்ணிக்கை. எட்டாவது முறைக்கு மேலும் கவிழ்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"என்னடி, தொட்டில் ஆட்டுறியா?" என்றார் கவுண்டரில் பணம் வாங்கும் அக்கா.

அக்காவுக்கு நான் வைத்த பெயர் எதுவுமில்லை. அக்கா எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் மொத்தம் பதினொரு வார்த்தை பேசினேனாம். எண்ணி வைத்திருக்கிறார்.

அன்று மூடுபனி. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை இருந்தது. கூட்டமும் இல்லை. உள்ளறையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து கேட்டால் உட்கார்ந்திருக்கிற இடம் லேசாக மிதக்கிற மாதிரி இருக்கும். அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ரொட்டியை மிக மெதுவாக மென்றார்.

அக்காவால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"சர்க்கரை எத்தனை வருஷமாம்மா?"

"இருக்கா இல்லையான்னே தெரியாதும்மா. பையன் இருக்கற நாட்டுல சான்றிதழ் கேக்கறாங்க. அடுத்த வாரம் போறேன், அவன்கூடவே இருக்க."

"கொடுத்து வெச்சவங்க. என் பையனெல்லாம் நான் பக்கத்து ரூமுக்குப் போனாலே கதவைச் சாத்திக்கறான்."

அவர் சிரித்தார். "என் பையனும் அப்படித்தான் இருந்தான். கடல் தாண்டிப் போனதும் பாசம் வந்துடுச்சு."

"வேலை ஏதாவது பாத்தீங்களா?"

"தந்தி ஆபீஸ்ல இருந்தேன். அப்புறம் ஒரு புத்தகம் எழுதினேன்."

குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த நான் அடுக்குவதை நிறுத்தினேன்.

"புத்தகமா. பாத்தா டீச்சர் மாதிரிதான் இருக்கீங்க," என்றார் அக்கா. "என்ன கதை?"

"படகுத்துறையில சீட்டுக் கிழிச்சுக் குடுக்கற ஒருத்தி. முப்பது வருஷம் எல்லாரையும் அக்கரைக்கு அனுப்பறா. அவ மட்டும் போனதே இல்ல."

"கடைசியில போறாளா?"

"அதைச் சொல்லிட்டா நீங்க எதுக்குப் படிக்கணும்?"

"நான் எங்கம்மா படிக்கப் போறேன். மருந்துச் சீட்டு படிக்கவே எனக்குக் கண்ணாடி வேணும்," என்றார் அக்கா.

பெயர் ஒன்றாக இருக்கலாம். படகுத்துறை ஒன்றாக இருக்க முடியாது.

*

நாங்கள் அந்த வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முன்பு அங்கே இருந்தவர் சாவி கொடுக்கும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த வீட்டு விலாசத்தைப் போட்டிருப்பதாகவும், கடிதம் வந்தால் எடுத்து வைத்தால் போதும், வந்து வாங்கிக்கொள்வதாகவும். அம்மா தையல் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். தபால் வரும் நேரத்தில் வீட்டில் நான்தான் இருப்பேன். எடுத்து வைப்பது என் பொறுப்பு ஆனது.

முதல் கடிதம் மழையில் வந்தது. உறையின் பசை பாதி விட்டிருந்தது. மீதியை நான் விடுவித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எழுதியவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். அறுபதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தாராம். கீழே கப்பல் காத்திருந்ததாம். 'இன்னும் நான்கு பக்கம் என்று கையைக் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை. உங்களால் எனக்கு ஒரு நாள் கூலி போயிற்று. நன்றி' என்று முடித்திருந்தார்.

அதை ஏழு முறை படித்தேன். பிறகுதான் பயம் வந்தது. கிழிந்த உறையை எப்படிக் கொடுப்பது?

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். நான் கதவைப் பாதி திறந்தேன். குடை பிடித்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. "கடிதம் ஏதாவது வந்துச்சாம்மா?" என்றார்.

"வரல," என்றேன்.

அந்த ஒரு சொல்தான். கதவைச் சாத்தியபோது அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது படியில் சிறிது நேரம் நின்றார். பிறகு இறங்கினார்.

அம்மா கேட்டபோது, வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னேன். பொய் ஒன்று என்றாலும் அதற்கு இரண்டு கதவு வைக்க வேண்டியிருந்தது.

அவர் மறுபடி வரவில்லை. கடிதங்கள் வந்தன. ஒன்றைத் திறந்தவளுக்கு இரண்டாவதைத் திறக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்குத் தினமும் ஐந்து பக்கம் வாசித்துக் காட்டிய ஒரு நர்ஸ். அதில் ஒருவர் வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகும் கதை முடியும்வரை போக மாட்டேன் என்றாராம். பெயர் போடாமல் 'படித்தேன். அவ்வளவுதான்' என்று மட்டும் எழுதியிருந்த ஓர் அட்டை. சீட்டுக் கிழிப்பவளின் செருப்பு என்ன நிறம் என்று கேட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்.

புத்தகம் எனக்குப் பதினைந்து வயதில்தான் நூலகத்தில் கிடைத்தது. அதைப் படிப்பதற்கு முன்பே அதைப் படித்தவர்களையெல்லாம் நான் படித்து முடித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு முன்னால் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். இந்த வரியில் நர்ஸ் அழுதார். இங்கே கப்பல் காத்திருந்தது.

தொண்ணூற்றாறாம் பக்கம் வந்தபோது மூடிவிட்டேன். மூன்று நாள் திறக்கவில்லை.

காரணம் பதினான்காவது கடிதம். எழுதியவர் கடிகாரக் கடைக்காரர். அவர் மனைவி அந்தப் புத்தகத்தைத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனவர், எழுந்திருக்கவில்லை. 'அவள் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் அக்கரைக்குப் போகிறாளா? போகிறாள், போகவில்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். உங்களுக்கு ஒரு சொல்தான் செலவு.' பதிலுக்கு, விலாசம் எழுதி அஞ்சல்தலை ஒட்டிய ஓர் உறையையும் உள்ளே வைத்திருந்தார்.

எனக்குப் பதில் தெரியும். எழுதலாமா என்று எத்தனையோ நாள் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் அது என் சொல் இல்லை. அந்த உறை ஒன்பது வருடமாகக் காலியாக இருக்கிறது.

*

"அப்புறம் ஏம்மா இன்னொண்ணு எழுதலை?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாதி எழுதி வெச்சிருக்கேன். மூட்டை கட்டினப்ப கெடச்சுது. எடுத்துட்டுப் போறதா, பழைய பேப்பரோட போடறதான்னு நேத்து முழுக்க யோசனை. போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில பழைய பேப்பர்காரர் வர்றாரு."

"அய்யோ, ஏன்?"

"யாருக்கும்மா அது?" அவர் டப்பாவை மூடினார். "கெணத்துல ஒரு கல்லைப் போட்டாக்கூடச் சத்தம் வரும். நான் ஒரு புத்தகத்தையே போட்டேன். ஒரு சத்தம் வரலை. கடைசிப் பக்கத்துல என் விலாசம்கூடப் போட்டிருந்தேன். அச்சாகி வர்றதுக்குள்ள வீடு மாற வேண்டியதாப் போச்சு. பழைய வீட்டுல போய்க் கேட்டேன். ஒரு சின்னப் பொண்ணு கதவைத் தெறந்து, வரலன்னுச்சு. சின்னப் புள்ளை எதுக்குப் பொய் சொல்லப் போவுது? ரெண்டாவது தடவை போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஒருமுறைகூட அவர் குரல் உயரவில்லை. பேருந்து தவறியதைச் சொல்வது மாதிரி சொன்னார்.

"நான் படிச்சிருக்கேன்," என்றேன்.

அக்கா நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்தார். "எழுதி வைங்க. ஊமைக்கோட்டான் வாயைத் தெறந்துடுச்சு."

அவரும் பார்த்தார். "எங்கம்மா கெடச்சுது உனக்கு?"

"நூலகத்துல."

"அது நானே கொண்டுபோய்க் குடுத்தது." என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அப்ப ஒரு ஆள்," என்றார். விரலை மடக்கிக்கூடக் காட்டினார். ஒன்று.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் அவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பனி இன்னும் அடர்த்தியானது. பக்கத்தில் ஐந்து நாற்காலிகளும் காலி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பாரந்தூக்கிக்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பிறகு நர்ஸ், ஷிப்ட் முடிந்த களைப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு. பள்ளிக்கூடத்துப் பெண் குனிந்து அவருடைய செருப்பின் நிறத்தைப் பார்த்தாள். இடம் போதாமல் மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். யாரும் அவரை எழுப்பவில்லை. அவர் முறை வரும்வரை காத்திருந்தார்கள். கடிகாரக்காரர் மட்டும் உட்காரவே இல்லை. எங்கள் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் தாமதம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஏய். கனவா?" அக்கா மேசையைத் தட்டினார். "வீட்டுச் சாம்பிள் ஒண்ணு இருக்கு. படுத்த படுக்கையா இருக்காரே, அந்த ஓவியர். உன் வீட்டுக்குப் பின்தெருதான். ஒன்பதரைக்கு ஆள் வரும்னு சொல்லியிருக்கேன்."

உன் வீட்டுக்குப் பின்தெரு. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டினேன்.

"இவங்களுக்குப் பத்து பத்துக்கு எடுக்கணும்," என்றேன். "எங்கயும் போக விடாதீங்க. நடந்தா அளவு மாறிடும்."

"நடக்க விடமாட்டேன், சங்கிலி போட்டுக் கட்டி வெக்கிறேன். நீ போ."

*

ஓவியருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா, நானும் எத்தனையோ கோட்டை அழிச்சு அழிச்சுப் போட்டவன்தான்," என்றார். வெளியே வந்தபோது ஒன்பதே முக்கால்.

வீட்டில் அம்மா தொழிற்சாலைக்குக் கொண்டுபோக டப்பாவில் சாப்பாடு அடைத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேல் என் கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளுக்குப் பின்னாலிருந்து செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை இறக்கினேன்.

"வேலை நேரத்துல என்னடி தேடறே? பழைய நோட்டா?"

பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டியைப் பற்றி எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"இல்லம்மா," என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். கரண்டி கையிலேயே இருந்தது. "சரி. சாயங்காலம் சொல்லு," என்றார்.

ஐஸ் பெட்டிக்குள் ஈரம் படும். ரத்தச் சாம்பிள் குழாய்களைப் போடும் ஒட்டுப்பைகளில் கடிதங்களைப் பிரித்துப் போட்டேன். ஒரு பைக்கு ஆறு வீதம் மூன்று பை, கடைசியில் ஐந்து. ஒவ்வொரு பையிலும் பெயர், வயது, தேதி எழுத இடம் அச்சிட்டிருந்தது. எதையும் எழுதாமல் ஒட்டினேன். ஓவியரின் குழாய் ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம். பெட்டியின் எடை கூடியதாகத் தெரியவில்லை. அத்தனை வருடமும் பாரமாக இருந்தது எப்படி என்று புரியவில்லை.

ஸ்கூட்டரில் பனிக்குள் போனேன். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்த வண்டிகள் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் படகுகள் மாதிரி இருந்தன. முன்னால் ஒருத்தி நின்று சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

உள்ளே நுழைந்தபோது பத்து மணி ஆறு நிமிடம். கடைசி நாற்காலி காலி.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். டப்பாவும் இல்லை, பையும் இல்லை.

"எங்க போனாங்க?"

"யாரு?"

"அக்கா, விளையாடாதீங்க."

"மூஞ்சியைப் பாரு, பேயடிச்ச மாதிரி. பாத்ரூம் போயிருக்காங்கடி. பையை இங்க உள்ள வெச்சிருக்கேன். இருபதடி நடந்தா சர்க்கரை எறங்கிடுமா?"

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரத்தம் எடுக்கும் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்து கையை நீட்டினார்.

"நேரத்துக்கு வந்துட்டியே," என்றார்.

உடனே சொல்லிவிடத்தான் வந்தேன். ஆனால் மனம் பதறினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் இப்போது சொன்னால் இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுக்கிற அளவு தப்பாகிவிடும். முதலில் ரத்தம், பிறகு பேச்சு. இது விஞ்ஞானமா, கோழைத்தனமா என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே குழாயில் இருந்தன.

"உங்க பேர் சொல்லுங்க."

"காலையிலயே சொன்னேனே."

"ஒவ்வொரு தடவையும் கேக்கணும்."

சொன்னார். ரப்பர் பட்டையை இறுக்கினேன். ஒரே குத்து. குழாய் நிரம்பியது. பத்து மணி பத்து நிமிடம். பஞ்சை வைத்தேன்.

"மடக்காதீங்க. நீட்டியே வெச்சு அழுத்திப் பிடிங்க. ரெண்டு நிமிஷம்."

எட்டு முறை கவிழ்த்தேன். எட்டோடு நிறுத்தினேன். சீட்டை ஒட்டினேன். குழாயை அதன் இடத்தில் வைத்தேன்.

"வலிக்கவே இல்ல," என்றார் அவர். "நல்ல கை. சாயங்காலம் ரிப்போர்ட் வந்துடுமா?"

"வந்துடும்."

அவர் எழுந்தார். அக்கா பையை எடுத்துக் கொடுத்தார். தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு வெளியே பனி கலைய ஆரம்பித்திருந்தது. தெருவின் முதல் சில வீடுகள் வெளிறிய நிறத்தில் வெளிவந்துகொண்டிருந்தன.

நான் ஐஸ் பெட்டியை நாற்காலியின் மேல் வைத்தேன், அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோர நாற்காலி. மூடியைத் திறந்தேன். உள்ளே குளிர்ந்த காற்றின் வாசனை.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

கதவுப்பிடியில் கை வைத்தபடி நின்றார். அன்று இரண்டாவது படியில் நின்ற மாதிரி. இந்தமுறை முகம் தெரிந்தது.

"அன்னைக்கு உங்களுக்குக் கதவைத் தெறந்த பொண்ணு நான்தான்," என்றேன். "கடிதம் வந்துச்சு."